நத்தைக்கு முன்னால் ஒரு பெண்

வீராம்பட்டினம் என்றதும் வரலாறு வாசிப்பவர்களுக்கு அரிக்கமேடு நினைவுக்கு வரும். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அடுத்து 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் ழான்-மரி கசால் தோண்டினார்; 1949-இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. உடைந்த ஜாடி, ஓட்டுச்சில்லு, மணி செய்யும்போது சிதறிய கல் என்று ஒரு காலத்தின் குப்பைதான் நமக்கு ரோமானிய வணிகத்தைப் பற்றிச் சொன்னது.

எனக்கு அது அம்மா பிறந்த ஊர். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கும் மீன் குழம்புக்கும் போய்வருவதோடு சரி. அரிக்கமேட்டை நான் பார்த்ததே என்ஜினியரிங் முடித்த பிறகுதான். ஆனால் குப்பையைப் பற்றி உருப்படியாக யோசிக்க வைத்தது அரிக்கமேடு இல்லை, ஒரு கண்ணாடித் தொட்டி.

2022-இல் வில்லியனூரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மீன் தொட்டி கேட்டாள். நல்ல தண்ணீர்த் தொட்டி எல்லோரும் வைப்பது, நாம் கடல் தொட்டி வைப்போம் என்று எனக்குத்தான் ஆசை வந்தது. இரண்டடி நீளம், ஐம்பது லிட்டர் சொச்சம். வீராம்பட்டினத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர். மாமாவின் வலையில் உயிரோடு கிடைத்த விரல் நீள மீன் இரண்டு. மூன்றாவது வாரம் கண்ணாடியெல்லாம் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்து, உள்ளே மீன் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிற நிலைமை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: க்ளீனப் க்ரூ. சுத்தம் செய்யும் குழு. பாசிக்கு நத்தை, மிச்சம் விழும் தீனிக்குத் துறவி நண்டு, மணலுக்குக் கடல் அட்டை. இத்தனை லிட்டருக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு வேறு. நமக்குக் கணக்கு போதுமே. எக்செல்லில் போட்டேன்: நத்தை 12, துறவி நண்டு 8. புதுச்சேரி துறைமுகத்துக்காக 1980-களின் கடைசியில் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய தடுப்புச் சுவரின் கற்களில் நத்தைக்குப் பஞ்சமில்லை. ஒரு மாலை போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். நண்டுகளும் அங்கேயே கிடைத்தன.

மறுநாள் காலை வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் முதலில் பார்த்தார். "தம்பி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஏதோ ஊருது பாருங்க." நான்கு நத்தைகள் தொட்டியை விட்டு ஏறிப் போயிருந்தன. மாமாவுக்கு போன் போட்டேன்.

"எங்க எடுத்த?"

"கல்லுலதான் மாமா. தண்ணி மட்டத்துக்கு மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் இன்னா? அல வந்தா நனையும், போனா காயும். அதோட பொழப்பே அதான். அத்தக் கொண்டாந்து முழுசா தண்ணிக்குள்ள போட்டா மேல ஏறாம இன்னா பண்ணும், மாப்ள?"

துறவி நண்டுகளின் கதை வேறு. பெயர்தான் துறவி, வீட்டுக்காக அடித்துக்கொள்வதில் சம்சாரியை மிஞ்சும். வளர வளரப் பெரிய சங்குக்குக் குடிமாற வேண்டும். காலிச் சங்கு போட்டுவைக்க எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு நத்தைகளின் சங்குகளுக்குள்ளிருந்து நண்டுகள் எட்டிப் பார்த்தன. பாசி தீர்ந்துபோனதில் மற்ற நத்தைகள் பட்டினி. செத்தவை அழுகித் தண்ணீர் கெட்டது. சுத்தம் செய்ய வந்த குழுதான் தொட்டியின் பெரிய குப்பை ஆனது.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தேடத் தொடங்கியது அப்போதுதான்.

பதில் லண்டனில் இருந்தது. ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலாளர். 1850-இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் ஒரு சோதனையை விவரித்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், இரண்டு தங்கமீன், வேலம்பாசி இனத்துச் செடி ஒன்று. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். சமன்பாட்டில் இரண்டு பக்கமும் சரி. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்போது அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடல்நீரில் அதே வேலைக்குக் கடற்கரை நத்தைகளைப் போட்டுப் பார்த்தார். நாம் இன்று க்ளீனப் க்ரூ என்று சொல்வதன் தாத்தா அந்த நத்தைகள்தான்.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது உடனே பிடித்துவிடும். 1959-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக யோசித்த 'கார்பேஜ் கலெக்‌ஷன்' ஏறக்குறைய இதே கனவு: பயன்படுத்தியதை நாம் அள்ள வேண்டாம், உள்ளேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்து அள்ளிவிடும். நான் நண்பர்களிடம் தொட்டியைக் காட்டும்போதும் இதைத்தான் சொன்னேன். "தானே க்ளீன் பண்ணிக்கும்டா."

வாரிங்டனுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் போனால் இன்னொரு தொட்டி. 1846-இல் அன்னா தைன் என்பவர் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரைத் தினமும் புதிதாகக் கொண்டுவர வழியில்லை. அதனால் இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னல் பக்கம் வைத்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அது களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி என்று எழுதுகிறார் அன்னா தைன். பவளத்தின் இனப்பெயர் குறிப்பில் இருக்கிறது. சிறுமிக்குப் பெயர் இல்லை.

அதைப் படித்தபோது சட்டென்று ஒன்று உறைத்தது. சனிக்கிழமைதோறும் தொட்டியில் பத்து லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவேன். எடுத்த தண்ணீர் வாளியில் பால்கனியில் இருக்கும். பிறகு இருக்காது. கண்ணாடி விளிம்பில் பூத்திருக்கும் உப்பு திங்கட்கிழமை காணாமல் போய்விடும். இதையெல்லாம் யார் செய்தது என்று எட்டு மாதத்தில் ஒரு தடவையும் நான் யோசிக்கவில்லை.

வாரிங்டனின் நத்தைக்குப் பிறகு தொட்டி ஒரு மோகமாகப் பரவியது. கண்ணாடிக்கு இருந்த வரியை 1845-இலேயே பிரிட்டன் நீக்கியிருந்தது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' எழுதினார். புத்தகத்தோடு ஜாடியும் கையுமாக மக்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1907-இல், அவர் மகன் எட்மண்ட் காஸ் தன் நினைவு நூலில் அந்தப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டதை வருத்தத்தோடு பதிவு செய்தார். அந்தச் சூறையில் அப்பாவின் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

நம் பக்கம் தொட்டி வந்தது 1909-இல். சென்னை மெரினாவில், அருங்காட்சியகத்தின் பொறுப்பில், கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். பின்னால் அருங்காட்சியகத்தின் தலைவராக வந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் அதற்குமுன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர். துறவி நண்டு வகையறாவில் உலகளவில் பேர் பெற்றவர். 'சேலஞ்சர்' கப்பல் உலகம் சுற்றிச் சேகரித்துவந்த அந்த வகை நண்டுகளைப் பற்றிய அறிக்கையை 1888-இல் எழுதியவர் அவர்தான். எந்தக் காலில் எத்தனை முடி, இடுக்கியில் எது பெரிது, எந்த ஆழத்தில் பிடித்தது என்று ஒவ்வொன்றையும் பிரித்து வைத்திருக்கிறார். என் எக்செல்லில் அது "துறவி நண்டு – 8". எது எந்த இனம், எதைத் தின்னும், எவ்வளவு வளரும் என்று கேட்காமல் தலையை மட்டும் எண்ணி வேலைக்கு எடுத்திருந்தேன்.

பட்டியலில் இருந்த கடல் அட்டையை நல்லவேளை நான் தொடவில்லை. அட்டை மணலை விழுங்கி, அதிலிருக்கும் மக்கலைச் செரித்துவிட்டு, மணலைத் திரும்ப வெளியே விடும். வயலுக்கு மண்புழு மாதிரி கடலடிக்கு அது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் குளித்து எடுத்து, அவித்து உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்பிய பழைய தொழில் நமக்கு உண்டு. 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்தது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை சேர்ந்தது. அதன்பின் இந்தியாவில் அதைப் பிடிப்பதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் சின்னத் தொட்டிக்கு அது ஆகாது. மணலில் சத்து தீர்ந்தால் பட்டினியில் சுருங்கும். செத்தால் அதன் உடம்பிலிருந்து கசியும் நஞ்சு மீன்களையும் கொண்டுபோய்விடும்.

அப்படியென்றால் தொட்டியை உண்மையில் சுத்தம் செய்வது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் வாரிங்டன் வீட்டிலேயே கிடைத்தது. அழுகல் நத்தை வயிற்றுக்குள் போனதோடு கதை முடிவதில்லை. நத்தையின் கழிவும் மீனின் கழிவும் அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே நிற்கும். கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு விஷம். 1877-இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் சாக்கடைத் தண்ணீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. ஆக, மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் தொடர்ந்தவர் ஒரு ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வாரிங்டனின் மகன், அப்பா பெயரேதான். அம்மோனியா முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என இரண்டு படிகளில் மாறுகிறது, இரண்டுக்கும் வேறுவேறு நுண்ணுயிரிகள் என்று அவர் காட்டினார். அவற்றைத் தனியே பிரிக்க அவரால் முடியவில்லை. அதை 1890 வாக்கில் செய்தவர் வினோகிராட்ஸ்கி. அப்பா 1867-லேயே இறந்துவிட்டார். தன் ஜாடியில் நத்தையோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் உழைத்தது அவருக்குத் தெரியாமலே போனது.

நான் அந்தக் கூட்டம் கூடுவதற்கு அவகாசமே கொடுக்கவில்லை. கல்லிலும் மணலிலும் அது நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுத்து, பிறகு ஒன்றிரண்டு நத்தை, தீனி கிடைக்கிறதா என்று பார்த்து இன்னொன்று, நண்டு என்றால் பக்கத்தில் காலிச் சங்குகள். தேர்வு என்பது இவ்வளவுதான். அப்போதும் கடைசியில் நைட்ரேட் மிஞ்சும். பெட்டிக்குள் அதற்கு வழியில்லை. யாராவது வாளியில் அள்ளிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும்.

மிச்சமிருந்த நத்தைகளை எடுத்த கல்லிலேயே விட்டுவிட்டு வந்தேன். கல்லில் ஒட்டி நகர்ந்தன. அங்கே அவை யார் வீட்டையும் சுத்தம் செய்யவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இப்போது தொட்டியில் மணலுக்குள் திரியும் ஊசிபோல் நீண்ட நத்தைகள் மூன்று, ஒரு நண்டு. நண்பர்கள் வந்தால் தானே க்ளீன் பண்ணிக்கும் என்று சொல்வதில்லை. சனிக்கிழமை வாளியை நானே தூக்குகிறேன். போன வாரம் அப்படித் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனபோது அக்கா பின்னாலேயே வந்தார்.

"எதுக்கு தம்பி உங்களுக்கு இந்த வேலை? வழியெல்லாம் சிந்திக்கிட்டே போறீங்க. அதையும் நான்தானே தொடைக்கணும்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மாப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எனக்குத் தெரியவில்லை.