பரங்கிப்பேட்டை வழியாக ஓர் உளி

பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு எஃகின் வரலாறு எங்கே தொடங்கும் என்று தெரியும். 1856, ஹென்றி பெஸ்ஸமர், இங்கிலாந்து. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குவார்கள். அந்த ஸ்லைடில் ஷெஃபீல்ட் நகரமும் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரரும் வருவார்கள். பிறகு நேராக இரும்பு–கார்பன் வரைபடத்துக்குப் போய்விடுவோம். பரீட்சைக்கு அதுதான் வரும்.

இன்னொரு பக்கம் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள். அங்கே எஃகின் வரலாறு ஒரே வரிதான்: "உலகத்துக்கே உருக்கு கொடுத்தவன் தமிழன்." டமாஸ்கஸ் வாள் படம் ஒன்று, கீழே கைகூப்பும் சின்னம். அதோடு முடிந்தது.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதையும் இருக்கிறது. சேலத்துக் கொல்லர்கள், பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஒரு வெள்ளைக்காரர், ஷெஃபீல்டில் நடந்த ஒரு வழக்கு, கடைசியில் நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய உளி. இந்தக் கதையை யாரும் எனக்கு வகுப்பில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பிலும் வரவில்லை.

முதலில் ஹண்ட்ஸ்மன். 1740களில் கடிகாரத்துக்கு நல்ல சுருள்வில் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. அப்போது இங்கிலாந்தில் கிடைத்த எஃகு, இரும்புக் கம்பிகளைக் கரியோடு வைத்து நாள்கணக்கில் சூடாக்கிச் செய்தது. வெளிப்பக்கம் கார்பன் ஏறியிருக்கும், உள்ளே ஏறியிருக்காது. ஒரே துண்டில் ஒரு பக்கம் கடினம், இன்னொரு பக்கம் மென்மை. அவர் அதை மண்மூசையில் போட்டு முழுவதுமாக உருக்கினார். திரவமானபின் கார்பன் எல்லா இடத்திலும் சமமாகக் கலந்தது. வேடிக்கை என்னவென்றால், ஷெஃபீல்டின் கத்திக்காரர்கள் முதலில் இந்த எஃகை வேண்டாம் என்றார்கள். ரொம்பக் கடினம், அடிக்க முடியவில்லை என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை வாங்கி, அதில் கத்தி செய்து விற்கத் தொடங்கியபிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்கு புத்தி வந்தது.

மூசையில் எஃகு செய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து 1990களில் எழுதினார். முறை எளிமையாகத் தெரியும், ஆனால் எளிமை இல்லை. தேனிரும்புத் துண்டு ஒன்று, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை. எல்லாவற்றையும் சிறிய மண்மூசையில் வைத்து வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். பல மூசைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தி போட்டு ஊதுவார்கள். கட்டையிலிருந்து வரும் கார்பனை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை குறையும். அதனால் துருத்திக் காற்றுக்கே அது உருகிவிடும். எஃகு என்றால் என்ன என்று ஐரோப்பிய வேதியியல் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது.

1790களில் இந்தக் கட்டிகள் லண்டனுக்குப் போயின. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை வாசித்தார். 'ஊட்ஸ்' என்ற பெயர் அச்சில் நிலைத்தது இந்தக் காலத்தில்தான். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்பதன் சிதைவுதான் அது என்று பலர் சொல்கிறார்கள். பிறகு 1819 முதல் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, ஊட்ஸ் மாதிரி எஃகு செய்யப் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். மின்சாரத்துக்குப் பெயர்போன அதே ஃபாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன்.

இங்கேதான் ஜோசையா மார்ஷல் ஹீத் வருகிறார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். சேலம் பக்கத்து இரும்புத் தாதுவையும் அங்கே கொல்லர்கள் எஃகு செய்வதையும் நேரில் பார்த்தவர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அன்றைக்கு அதை 'போர்ட்டோ நோவோ' என்பார்கள். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் தாது சேலத்தில், உலை கடற்கரையில். நடுவில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மாட்டு வண்டி, படகு என்று தாது வந்து சேர வேண்டும். எரிபொருளோ மரக்கரி. ஓர் ஊதுலை எவ்வளவு கரி சாப்பிடும் என்று தெரிந்தவர்களுக்கு, காடு முதலில் தீருமா பணம் முதலில் தீருமா என்ற கேள்வி வரும். நட்டத்தில் ஓடி, கைமாறி, 1870களுக்குள் அந்த முயற்சி முடிந்துபோனது.

அந்த மலைகளில் சிறிய உலை வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த மலிவான இரும்பு சந்தையைப் பிடித்தது. காடு அரசாங்கத்தின் கைக்குப் போனது, கரிக்கு விலை ஏறியது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த உலைகள் பெரும்பாலும் அணைந்துவிட்டன.

ஹீத்தின் பெயர் நின்றது வேறொன்றில். 1839-ல் அவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை வாங்கினார். மூசையில் எஃகு உருக்கும்போது 1 முதல் 3 விழுக்காடு வரை மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த பொருளைப் போட்டால் எஃகின் தரம் உயரும் என்பது அதன் சாரம். ஏன் உயரும் என்பதை இன்றைக்கு நாம் விளக்கலாம். இரும்பில் கந்தகம் இருந்தால் அது இரும்பு சல்ஃபைடாகிப் படிகங்களின் ஓரங்களில் தங்கும். சூடாக்கி அடிக்கும்போது அந்த ஓரங்கள் உருகி, துண்டு நொறுங்கிவிடும். மாங்கனீசு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாங்கனீசு சல்ஃபைடு அந்தச் சூட்டில் உருகாது. உருக்கில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் மாங்கனீசு பிடித்துக்கொள்ளும்.

இந்த வேதியியலால் யாருக்கு லாபம்? அதுவரை நல்ல எஃகு செய்ய ஸ்வீடன் இரும்பு வேண்டும், அது விலை அதிகம். ஹீத்தின் முறையில் பிரிட்டிஷ் இரும்பையே பயன்படுத்தலாம். அப்படி வந்த எஃகை இரும்புத் துண்டோடு சேர்த்து அடித்து ஒட்டவும் முடிந்தது. அலகு மட்டும் எஃகு, பிடிப்பக்கம் இரும்பு. சாப்பாட்டு மேசைக் கத்தியின் விலை குறைந்தது. வாளை விடுங்கள், சமையலறைக் கத்தியும் உளியும் அரமும் சாதாரண மனிதனின் கைக்கு எட்டியது இப்படித்தான்.

ஹீத்துக்கு என்ன கிடைத்தது? கோர்ட்டு. காப்புரிமை வாங்கியபிறகு அவரே இன்னும் மலிவான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த அந்தப் பொருளைத் தனியாகச் செய்ய வேண்டாம். மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித் தாரையும் நேராக மூசையில் போட்டாலே போதும். இதை நம்பிக்கையோடு மற்றவர்களிடம் சொன்னார். அவருடைய முகவராக இருந்த அன்வின், "உங்கள் காப்புரிமையில் இந்த இரண்டும் இல்லையே" என்று சொல்லிக் காசு கொடுக்காமல் செய்யத் தொடங்கினார். மற்ற ஆலைகளும் சேர்ந்துகொண்டன. தாரும் ஆக்சைடும் மூசைக்குள்ளே சேர்ந்து காப்புரிமையில் சொன்ன அதே பொருளாகத்தான் மாறுகின்றனவா என்று நீதிபதிகள் பத்தாண்டுக்கு மேல் விவாதித்தார்கள். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஹீத் 1851-லேயே இறந்துவிட்டார்.

அடுத்த ஆண்டுதான் பெஸ்ஸமர் வருகிறார். அவருடைய எஃகும் முதலில் நொறுங்கியது. அதைச் சரிசெய்யவும் மாங்கனீசுதான் வேண்டியிருந்தது. அதைச் சொன்ன ராபர்ட் மஷெட்டின் காப்புரிமை, 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டாததால் 1859-ல் காலாவதியானது. பாடப்புத்தகத்தில் நின்றது பெஸ்ஸமரின் பெயர்.

மாங்கனீசைச் சேலம் கொல்லர்கள்தான் ஹீத்துக்குச் சொல்லித் தந்தார்கள் என்று நான் எழுத மாட்டேன். அவர்கள் முறையில் மாங்கனீசு கிடையாது. அதை ஹீத்தின் கண்டுபிடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மூடிய மூசைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியை அவர் சேலத்து உலையடியில் நின்றும் கற்றவர். அந்த முறையைப் பற்றி 1830களின் முடிவில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு அவரே ஒரு கட்டுரை எழுதினார். ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் அதில் இருக்கின்றன. துருத்தி ஊதியவர்களின் பெயர் இல்லை. அன்வின் ஹீத்துக்குச் செய்தது அநியாயம் என்றால், அந்த அநியாயத்தை வாதாட ஹீத்துக்கு ஒரு கோர்ட்டாவது இருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். மலாக்காவில் 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். வணிக நோக்கில் இங்கே ரப்பர் தொடங்கியது அப்படித்தான். அவரைத் தூண்டியவர் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் எச்.என். ரிட்லி. ரிட்லியின் உண்மையான கண்டுபிடிப்பு, மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது. அமேசானில் சின்னக் கோடாரியால் கொத்துவார்கள். மரம் புண்ணாகிவிடும். ரிட்லி, பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடி மெல்லியதாகச் சீவினால் பால் மேலும் ஊறும் என்று காட்டினார்.

அந்தச் சீவலுக்கு ஏற்ற கத்தி வேண்டுமே. ஆரம்பத்தில் தச்சர்களின் குழிவுளியையும், குதிரைக் குளம்பு சீவும் நுனி வளைந்த கத்தியையும் பயன்படுத்தினார்கள். தோட்டத்தில் நம்மவர்கள் அதை 'உளி' என்றே சொன்னதில் தப்பில்லை. பிறகு காப்புரிமைக் காலம் வந்தது. 1906-ல் இலங்கை பேராதனையில் நடந்த ரப்பர் கண்காட்சி சமயத்தில், பௌமன்–நார்த்வே போன்ற பெயர்களில் வகைவகையான கத்திகள் புழக்கத்துக்கு வந்தன. ஆழத்தைக் கட்டுப்படுத்தத் தடுப்பு, கழற்றி மாற்றும் அலகு, திருகாணி என்று துரைமார்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களில் கடைசியில் நின்றவை திருகாணி எதுவும் இல்லாத எளிய வகைகள்: ஜெபோங் கத்தியும் குழிவுளியும்.

ஏன் என்று பொறியியலாளனாக யோசித்தால் விடை கிடைக்கும். பால் காற்றுப் பட்டால் உறையும். திருகாணி இடுக்கில் உறைந்தால் கருவி சிக்கிக்கொள்ளும். மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பு மாறும். ஒரே அளவில் வைத்த தடுப்பு ஒரு மரத்துக்குச் சரி, அடுத்த மரத்துக்குத் தப்பு. மரம் வளரும் படலத்துக்கும் வெட்டுக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டை விடவேண்டும். குறைந்தால் மரத்துக்குக் காயம், கூடினால் பால் குறைவு. அந்த 1 மில்லிமீட்டரை எந்தத் திருகாணியும் அளக்கவில்லை. இருட்டில், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டுதான் அளந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடவை சீவும் பட்டை 1.5 மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழையும் இலையுதிர்வும் போக ஆண்டுக்கு 160 வெட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 சென்டிமீட்டர் பட்டை. உளி மழுங்கி 2 மில்லிமீட்டர் போனால் 32 சென்டிமீட்டர். நான்காண்டு வரவேண்டிய பட்டை மூன்றாண்டில் தீர்ந்துவிடும். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரம். ஒரு தோட்டத்தின் ஆயுள் உளியின் கூரில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டிய என் பாட்டி இதை ஒரே வரியில் சொல்வார்: "உளி மொண்ணையா இருந்தா மரத்துக்கும் கேடு, கைக்கும் கேடு." தினமும் சாயங்காலம் தீட்டுவாராம். புது உளி வந்தாலும் உடனே மரத்துக்குக் கொண்டுபோக மாட்டாராம். "கடையில குடுக்கிற மூஞ்சி சரியா இருக்காது, நம்ம கைக்குத் தோதா தீட்டணும்" என்பார். அலகின் கோணத்தை மாற்றுவது என்றால் கருவியை வடிவமைப்பது என்றுதான் எங்கள் தொழிற்சாலையில் பொருள். அதற்குத் தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். பாட்டிக்கு அது வீட்டு வேலை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலாயாவுக்கு ஆள் போன மாவட்டங்களில் சேலம், தென்னார்க்காடு, திருச்சி எல்லாம் உண்டு. ஹீத் தாதுவும் கரியும் தேடிய சீமையும் அதுவே. உருக்கு செய்தவரின் பேரன்தான் இங்கே பால்வெட்ட வந்தார் என்று கதை கட்டத் தேவையில்லை. ஊர் உலைகள் அணைந்த நூற்றாண்டிலேயே அந்த மாவட்டங்களின் ஆட்கள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். வந்த இடத்தில் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட எஃகு வேறெங்கோ செய்த எஃகு. அதில் சிறிதளவு மாங்கனீசும் இருந்தது. இன்றைக்கும் உலகில் செய்யப்படும் கார்பன் எஃகு எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆகவே "எல்லாம் நாம்தான்" என்ற பெருமை எனக்குப் போதவில்லை. அது இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கொல்லரைக் கும்பிட்டுவிட்டு, நேற்றுவரை உளி தீட்டிய பாட்டியை மறந்துவிடுகிறது. கொல்லரின் பெயர் ஹீத்தின் கட்டுரையில் இல்லாமல் போனதற்கு ஹீத்தைக் குறை சொல்லலாம். பாட்டியின் கோணம் எங்கும் எழுதப்படாமல் போனால் யாரைக் குறை சொல்வது?

சிம்பாங் அம்பாட், அலோர் காஜா பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்துகொண்டிருக்கின்றன. மின்கலத்தில் ஓடும் பால்வெட்டுக் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. பழைய உளிகள் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இரும்பு போனால் போகட்டும். உளியை எந்தக் கோணத்தில் தீட்டினார்கள், எந்தக் கல், வலது கைக்காரர் இடது கைக்காரர் வேறுபாடு, புதுப் பட்டைக்கும் மறுபட்டைக்கும் எப்படி மாற்றினார்கள் என்பதெல்லாம் எழுபதைத் தாண்டிய சிலரின் கையில் மட்டும் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதப் பெரிய ஆய்வு நிதி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கோணமானி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பாட்டியின் உளியில் தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இன்னும் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன், அதை வைத்திருந்தவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.