கர்டிஸ், ஃபிராங்க் (1908–1987)

ஃபிராங்க் கர்டிஸ் அமெரிக்கப் பந்தயக் கார் வடிவமைப்பாளர். 'கர்டிஸ் கிராஃப்ட்' நிறுவனத்தைத் தொடங்கியவர். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்து முறை வென்ற கார்களைக் கட்டியவர் என்றே பொதுவாக அறியப்படுகிறார். ஆனால் அவருடைய வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி மிட்ஜெட் எனப்படும் குட்டிப் பந்தயக் கார்களில்தான் இருக்கிறது. ஓடத் தயாரான நிலையில் 550-க்கும் மேற்பட்ட மிட்ஜெட் கார்கள், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி உதிரிகளாக இன்னும் 600 என்பது அவர் பட்டறையின் கணக்கு. பந்தயக் கார் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியே உருவாக்கப்பட்ட காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. இண்டியானாபொலிஸ் வெற்றிகளைவிட இந்த எண்ணிக்கையே அவருடைய முதன்மையான சாதனை என்று கருத இடமுண்டு.

மிட்ஜெட் கார்

மிட்ஜெட் என்பது ஒருவர் மட்டும் அமரும், சக்கரங்கள் திறந்திருக்கும் சிறிய பந்தயக் கார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய ஆறடிதான். கால் மைல் முதல் அரை மைல் வரை நீளமுள்ள நீள்வட்ட ஓடுதளங்களில், பெரும்பாலும் மண் தரையில், இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஓடும். மண் தளத்தில் வளைவு வந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிப்பார். காரின் பின்பகுதி வெளியே சறுக்க, மூக்கு இடப்பக்கம் திரும்பும். அந்தச் சறுக்கலைக் கைக்குள் வைத்திருப்பதே இந்தப் பந்தயத்தின் கலை. இந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் கிடையாது. இன்னொரு வண்டி பின்னாலிருந்து தள்ளினால்தான் எஞ்சின் உயிர்பெறும். சாலைக் கார்களில் உள்ளது போன்ற கிளட்ச்சும் கியர்பெட்டியும் வழக்கமாக இருப்பதில்லை. எஞ்சினைப் பின் அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் ஓர் ஏற்பாடு, அவ்வளவே. எடையைக் கூட்டும் எதற்கும் அங்கே இடமில்லை.

ஒழுங்கமைக்கப்பட்ட முதல் மிட்ஜெட் பந்தயம் 1933 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் லாஸ் ஏஞ்சலஸில், லயோலா உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டரங்கில், வாராந்தரப் பந்தயங்கள் தொடங்கின. 1934-இல் அதே நகரில் கில்மோர் ஸ்டேடியம் எழுந்தது. மிட்ஜெட் பந்தயத்தை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட முதல் அரங்கு அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்டம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வரை போய்விட்டது. பொருளாதாரப் பெருமந்தம் மக்களை வாட்டிய ஆண்டுகள் அவை. பெரிய பந்தயக் கார் வாங்கப் பணம் இல்லாதவரும் குட்டிக் கார் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். மாலையில் வேலை முடிந்து வருபவர் சில்லறைக் காசில் நுழைவுச்சீட்டு வாங்கி, ஓடுதளம் முழுவதையும் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பணமுடை காலத்தில் இந்த ஆட்டம் வளர்ந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இளமை

கர்டிஸ் 1908 ஜனவரி 25 அன்று கொலராடோ மாநிலத்தில் கிரெஸ்டட் பியூட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். குடும்பம் குரோவேசியாவிலிருந்து குடியேறியது, தந்தை கொல்லர். பின்னர் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. பதின்ம வயதிலேயே ஃபிராங்க் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டான் லீ நிறுவனத்தின் கார் உடற்கூடு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். செல்வந்தர்களின் கார்களுக்கு அவர்கள் விரும்பியபடி உடற்கூடு செய்துகொடுத்த இடம் அது. தகட்டைத் தட்டி வளைப்பதும், இணைப்பு தெரியாமல் பற்றவைப்பதும் அங்கே கைவந்தன. பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தவரல்ல கர்டிஸ். உலையும் சுத்தியலும் தந்த அறிவோடு வந்தவர். அவருடைய கார்கள் பார்வைக்கு இத்தனை அழகாக இருப்பதற்கு இந்தத் தொடக்கமே காரணம் என்று தோன்றுகிறது. நீண்டு குவியும் மூக்கும் தழைந்து இறங்கும் வாலும் கொண்ட கர்டிஸ் மிட்ஜெட்டைப் பழைய புகைப்படத்தில் பார்த்தாலும் கூட்டத்தில் இன்னதென்று அடையாளம் சொல்லிவிடலாம்.

பட்டறையும் கார்களும்

தொடக்கக்கால மிட்ஜெட்டுகள் வீட்டுக் கொட்டகைகளில் கைக்குக் கிடைத்த பொருள்களால் ஆனவை. மோட்டார்சைக்கிள் எஞ்சின், படகு எஞ்சின், பழைய காரின் அச்சு என்று எல்லாம் கலந்திருக்கும். 1934-இல் ஃபிரெட் ஆஃபன்ஹவுசரின் பட்டறை மிட்ஜெட்டுக்கென்றே நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. கொள்ளளவு 97 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 லிட்டர். பந்தய உலகம் செல்லமாக 'ஆஃபி' என்று அழைத்த இந்த எஞ்சின் வந்ததும் மற்றவை பின்தங்கின. எஞ்சின் முதிர்ந்துவிட்டது, அதைத் தாங்கும் உடல் இன்னும் முதிரவில்லை. கர்டிஸ் நிரப்பியது அந்த இடத்தை.

1930-களின் பிற்பகுதியில் அவர் தமது முதல் மிட்ஜெட்டுகளைக் கட்டினார். கர்டிஸ் கிராஃப்ட் என்ற பெயர் அப்போது பிறந்தது. 1942-இல் போர் காரணமாக அமெரிக்கா முழுவதும் கார் பந்தயங்கள் தடை செய்யப்பட்டன. போர் முடிந்த 1945-இல் அடைபட்டிருந்த ஆர்வம் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. தெற்கு கலிபோர்னியாவில் வாரத்தின் எல்லா இரவுகளிலும் ஏதாவது ஓர் ஊரில் மிட்ஜெட் பந்தயம் நடந்தது. ஓட்டுநர்கள் ஓர் இரவு ஓரூர், மறு இரவு வேறூர் என்று காரை இழுத்துக்கொண்டு அலைந்தனர். கார்களுக்குத் தேவை பெருகியபோது கர்டிஸ் தயாராக இருந்தார். உருக்குக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகம் கொண்ட அவருடைய போருக்குப் பிந்தைய மிட்ஜெட், அதற்கு முந்தைய கார்களைவிட இலேசானது, முறுக்குக்கு வளையாதது. ஒரே வடிவில் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டதால் ஒன்றின் உறுப்பு உடைந்தால் அதே அளவில் வேறு உறுப்பு கிடைக்கும். முழுக் காருக்குப் பணமில்லாதவர் சட்டகத்தையும் தகடுகளையும் உதிரியாக வாங்கி, ஆஃபிக்குப் பதிலாக மலிவான ஃபோர்டு வி8-60 எஞ்சினைப் பொருத்திக்கொள்ளலாம்.

பந்தய உலகின் கட்டமைப்பையே மாற்றிய செயல் இது. மிட்ஜெட் பந்தயத்தில் கட்டுநர், உரிமையாளர், ஓட்டுநர் என்று மூவர். ஓட்டுநர் பெரும்பாலும் கூலிக்கு அமர்ந்தவர். பரிசுப் பணத்தில் அவருக்குப் பங்கு. டயர், எரிபொருள், பழுது எல்லாம் உரிமையாளர் தலையில். கர்டிஸுக்கு முன்பு உரிமையாளராக வேண்டுமென்றால் கட்டுநராகவும் இருந்தாக வேண்டும். அல்லது அப்படி ஒருவரை உடன் வைத்திருக்க வேண்டும். கர்டிஸ் காரைக் கடைச்சரக்கு ஆக்கியதும் சிற்றூர் மெக்கானிக்கும் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவரும் நேரே உரிமையாளர் ஆனார்கள். வென்றவர் காரும் தோற்றவர் காரும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவையாக இருந்ததால், வேறுபாடு ஓட்டுநரின் கையிலும் எஞ்சினைச் சீர்செய்தவரின் செவியிலும் வந்து நின்றது. கர்டிஸ் சட்டகமும் ஆஃபி எஞ்சினும் சேர்ந்த இணை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய வெல்ல முடியாததாகவே விளங்கியது.

அதை வென்றதும் இன்னொரு கர்டிஸ்தான். எஞ்சின் உறுப்புகள் தயாரிப்பில் பெயர்பெற்ற விக் எடல்பிராக், வி8-60 எஞ்சின் பொருத்திய 27-ஆம் எண் கர்டிஸ் மிட்ஜெட் ஒன்றை வைத்திருந்தார். ஆஃபிகளோடு நேருக்கு நேர் மோத அந்த எஞ்சினுக்குச் சக்தி போதாது. எடல்பிராக் எரிபொருளில் நைட்ரோமெத்தேன் கலந்து பல நாள் சோதித்தார். கலவை தவறினால் பிஸ்டன் உருகிவிடும். 1950-இல் கில்மோர் ஸ்டேடியத்தில் ராட்ஜர் வார்டு அந்தக் காரை ஓட்டி ஆஃபிகளை முந்தினார். மறுநாள் சான் பெர்னார்டினோவிலும் வென்றார். எரிபொருளில் என்ன இருந்தது என்று போட்டியாளர்களுக்கு அப்போது புரியவில்லை.

அந்த ஆட்டத்தின் பொற்காலமோ அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. பந்தயங்கள் அளவுக்கு மீறிப் பெருகியதில் மக்களுக்கு அலுப்புத் தட்டியது. தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கில்மோர் ஸ்டேடியம் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகம் 1952-இல் திறக்கப்பட்டது.

இண்டியானாபொலிஸ்

மிட்ஜெட்டில் கற்றதைப் பெரிய காருக்குக் கொண்டுபோனது கர்டிஸின் இரண்டாம் கட்டம். 1946-இல் லூ வெல்ச்சின் 'நோவி' காருக்கு முன்சக்கர இயக்கச் சட்டகம் கட்டினார். அதில் ரால்ஃப் ஹெப்பர்ன் தகுதிச் சுற்றில் புதிய வேகச் சாதனை படைத்தார். 1950-இல் ஜானி பார்சன்ஸ், 1951-இல் லீ வாலர்டு ஆகியோர் கர்டிஸ் கார்களில் 500 மைல் பந்தயத்தை வென்றனர். மழையால் 1950 பந்தயம் 345 மைலோடு நிறுத்தப்பட்டது. வாலர்டு நான்கு மணி நேரத்துக்குள் 500 மைலைக் கடந்த முதல் வெற்றியாளர்.

1952-இல் வந்த கேகே 500ஏ அதுவரை இருந்த அமைப்பைக் கலைத்தது. முன்பெல்லாம் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டு ஓட்டுநரின் கால்களுக்கிடையே, இருக்கைக்கு அடியில் ஓடும். அதன்மேல் ஓட்டுநர் குந்தியிருப்பார். கர்டிஸ் எஞ்சினைச் சாய்த்து, சுழல்தண்டை இடப்பக்கம் தள்ளி, ஓட்டுநரை அதற்கு வலப்புறம் தாழ உட்கார வைத்தார். காரின் உயரம் குறைந்தது. எடை இடப்பக்கம் சேர்ந்தது. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் ஓடுதளத்தில் அதுவே வளைவின் வேகத்தைக் கூட்டும். 'ரோட்ஸ்டர்' எனப் பெயர்பெற்ற இந்த அமைப்பு அடுத்த பத்தாண்டு இண்டியானாபொலிஸை ஆண்டது. அதே ஆண்டு கம்மின்ஸ் நிறுவனத்துக்காக அவர் கட்டிய காரில் டீசல் எஞ்சின் ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. டர்போ பொருத்திய அந்தக் காரில் ஃபிரெட் அகபாஷியன் மணிக்கு 138.010 மைல் வேகத்தில் முதலிடத் தகுதி பெற்றார். பந்தயத்தில் ரப்பர்த் துணுக்குகள் டர்போவின் காற்றுவழியை அடைக்க, 71 சுற்றுகளோடு கார் நின்றது.

கேகே 500ஏ காரை ஓட்டியவர் மிட்ஜெட் பந்தயங்களில் வளர்ந்த பில் வூகோவிச். உரிமையாளர் ஹோவர்டு கெக். 1952-இல் பந்தயம் முடிய பத்துக்கும் குறைவான சுற்றுகளே இருக்கையில், முன்னணியில் போய்க்கொண்டிருந்த காரின் ஸ்டீயரிங் முறிந்தது. அடுத்த ஆண்டு கடும் வெயிலில் 200 சுற்றுகளில் 195-இல் அவரே முன்னணியில் இருந்து வென்றார். 1954-இல் அதே காரில் மறுபடியும் வெற்றி. 1955-இல் வேறொரு உரிமையாளரின் கர்டிஸ் காரில் முன்னணியில் ஓடியபோது, பின்தங்கிய கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் சிக்கி வூகோவிச் இறந்தார். அன்று வென்ற பாப் ஸ்வைகர்ட்டின் காரும் கர்டிஸ் கட்டியதே. வெற்றியையும் சாவையும் ஒரே பட்டறையின் கார்கள் ஒரே நாளில் சுமந்தன.

ஸ்வைகர்ட்டின் காரைத் தயார்செய்த மெக்கானிக் ஏ. ஜே. வாட்சன். அவர் தாமே வடிவமைத்த இன்னும் இலேசான ரோட்ஸ்டர் 1956-இல் வென்றது. அதன்பின் கர்டிஸ் காருக்கு இண்டியானாபொலிஸ் வெற்றி இல்லை. மொத்தம் 120 கார்களை அந்தப் பந்தயத்துக்காகக் கட்டியிருந்தார்.

சாலைக் கார்கள்

1949-இல் கர்டிஸ் இரண்டு பேர் அமரும் விளையாட்டுக் கார் ஒன்றை வெளியிட்டார். இதுவும் முழுதாகவோ உதிரியாகவோ கிடைத்தது, பழக்கம் மாறவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'மோட்டார் டிரெண்ட்' இதழின் முதல் அட்டையில் இடம்பெற்ற கார் இதுதான். சில டஜன் கார்களோடு உற்பத்தி நின்றது. உரிமையை வாங்கிய வணிகர் ஏர்ல் மன்ட்ஸ் காரை நீட்டி நால்வர் அமரும் 'மன்ட்ஸ் ஜெட்' ஆக்கினார். பிறகு இண்டியானாபொலிஸ் காரை அடிப்படையாகக் கொண்டு 500எஸ் என்ற பந்தய விளையாட்டுக் காரையும் கர்டிஸ் செய்தார்.

செப்ரிங், 1959

1950 முதல் 1960 வரை இண்டியானாபொலிஸ் 500, உலக ஓட்டுநர் சாம்பியன்பட்டக் கணக்கிலும் சேர்க்கப்பட்டது. அதனால் ஃபார்முலா 1 பதிவேடுகளில் கர்டிஸ் கிராஃப்ட்டின் பெயருக்கு எதிரே ஐந்து வெற்றிகள் நிற்கின்றன. அந்தப் பதிவேட்டில் ஒரு மிட்ஜெட்டும் இருக்கிறது.

1959 ஜூலையில் கனெக்டிகட்டின் லைம் ராக் சாலைத் தடத்தில், எல்லா வகைக் கார்களும் கலந்துகொள்ளலாம் என்ற பந்தயம் ஒன்று நடந்தது. ராட்ஜர் வார்டு அந்த ஆண்டின் இண்டியானாபொலிஸ் வெற்றியாளர். கென் பிரென் என்ற உரிமையாளரின் பழைய கர்டிஸ் மிட்ஜெட்டில் அங்கே வந்து, ஐரோப்பிய விலையுயர்ந்த கார்களைத் தோற்கடித்தார். குறுகிய, வளைவு மிகுந்த அந்தத் தடம் மிட்ஜெட்டுக்குத் தோதானது. அந்தத் துணிவில் டிசம்பரில் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில், லீடர் கார்ட்ஸ் அணியின் கர்டிஸ் மிட்ஜெட்டோடு இறங்கினார். 2.5 லிட்டர் எஞ்சின்களுக்கு எதிரே அவருடையது 1.7 லிட்டர், தடமோ ஒரு சுற்றுக்கு 5.2 மைல் நீளமுள்ள விமானத்தளச் சாலை. ஸ்டிர்லிங் மாஸ் 3 நிமிடத்தில் கடந்த சுற்றுக்கு வார்டு 43.8 நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு, 20 சுற்றுகளுக்குப் பின் கிளட்ச் பழுதாகி விலகினார். கால் மைல் வட்டத்துக்கென்று வடிவமைத்த காரை நீண்ட நேர்ச்சாலையில் விட்டதன் விளைவு இது. கட்டியவர் மேல் இதில் குறையில்லை.

பிற்காலம்

1950-களின் இறுதியில் கர்டிஸ் மிட்ஜெட் பிரிவை ஜானி பாவ்லுக்கு விற்றார். சிறுவர் சிறுமியர் ஓட்டும் குவார்ட்டர் மிட்ஜெட் கார்களையும் அவர் தயாரித்துவந்தார்; அந்தப் பிரிவு 1962-இல் ரால்ஃப் பாட்டருக்குப் போனது. 1987 பிப்ரவரி 17 அன்று கர்டிஸ் காலமானார்.

விஸ்கான்சின் மாநிலத்தின் சன் பிரெய்ரியில், ஏஞ்சல் பார்க் ஓடுதளத்தில் தேசிய மிட்ஜெட் பந்தயப் புகழ்மண்டபம் இருக்கிறது. ஓட்டுநர் அல்லாதவர்களில் அங்கே முதலில் இடம்பெற்றவர் கர்டிஸ். அவருடைய மிட்ஜெட்டுகள் பழைய கார் ஆர்வலர்களின் கூடுகைகளில் இன்றும் ஓடுகின்றன. அங்கேயும் பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளித்தான் அவற்றைக் கிளப்புகிறார்கள்.