கறுப்பு எழுத்தில் கசிந்த சிவப்பு

சிவகாசியில் வண்ண அச்சை வளர்த்தது தீப்பெட்டி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டி செய்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும், அது கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும். அந்தத் தேவையில் வேரூன்றிய அச்சுத் தொழில் காலண்டர், வாழ்த்து அட்டை, டைரி என்று கிளைவிட்டது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜு தீட்டிய தெய்வங்கள் இங்கே அச்சாகித்தான் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள்.

நான் தொழிலுக்கு வந்தபோது லித்தோ கல்லின் காலம் முடிந்து ஃபிலிம் வந்திருந்தது. கல்லில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே வரைந்து பழகிய பெரியவர்கள் சிலர் அப்போதும் இருந்தார்கள். ஒரு படத்தைப் பார்த்ததுமே அவர்கள் கண் அதை மஞ்சள், ரெட், புளூ, கறுப்பு என்று பிரித்துவிடும். நாங்கள் மெஜந்தாவை ரெட் என்போம், சியானைப் புளூ என்போம். “முகத்துல புளூவ இறக்குப்பா, அம்மன் வாடிப்போயிருக்கு” என்பார் ஒருவர். இறக்கிப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். வண்ணத்துக்கு ஒரு தகடு என்பதால், வண்ணம் கெட்டால் எந்தத் தகட்டில் கெட்டது என்று கேட்பதுதான் அவர்கள் கற்றுத்தந்த முதல் பாடம்.

ஃபிலிமிலும் அதே பாடம்தான். விளக்கு மேஜையில் நான்கு பாசிட்டிவ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லென்ஸில் பார்ப்போம். புள்ளி வரிசைகள் கறுப்புக்கு 45 டிகிரி, ரெட்டுக்கு 75, புளூவுக்கு 15 என்று சாய்ந்திருக்கும். மஞ்சள் கண்ணில் அதிகம் தெரியாது என்பதால் அதற்கு 0. கோணம் பிசகினால் படம் முழுக்கக் கொசுவலை விரித்ததுபோல் ஒரு பின்னல் விழும்.

ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது. அன்று அது கறுப்பு அச்சுக்கான கருவி. வண்ணம் பிரிக்க முதலில் பிரீபிரின்ட் என்ற தனி மென்பொருள் வேண்டியிருந்தது. 1993-ல் வந்த 5.0 பதிப்பு அந்த வேலையைத் தானே செய்தது. அடுத்த ஆண்டு ஆல்டஸ் அடோபியோடு இணைந்தது. எங்கள் ஊர் அச்சகங்களில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் பரவியபோது வேலை வேகமானது. ஆனால் நான்கு தகடுகளும் கண்ணிலிருந்து மறைந்தன. திரையில் தெரிவது ஒரே படம், அதுவும் ஒளியால் ஆனது. பிழைகள் ஃபிலிம் வந்த பிறகுதான் முகம் காட்டின. ஸ்கேன் செய்த படத்தை ஆர்ஜிபியிலேயே, அதாவது திரைக்குரிய சிவப்பு-பச்சை-நீல ஒளிக்கலவையிலேயே, விட்டுவிட்டால், பேஜ்மேக்கரில் கலர் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கும் நிலையில், படம் கறுப்புத் தகட்டில் மட்டும் விழும். பட்டுப்புடவை கறுப்புவெள்ளையாகிவிடும். இந்த நான்கில் சேராத ஸ்பாட் கலர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், யாரும் கேட்காத ஐந்தாவது ஃபிலிம் வரும்.

எல்லாவற்றிலும் அதிகம் படுத்தியது கறுப்பு எழுத்து. ஒருமுறை காலண்டர் தேதித்தாளில் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் சிவப்பு ஓரம் கட்டி வந்தன. மெஷின்மேனுக்கு வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ரெஜிஸ்டர் பிடிக்கத் தெரியவில்லை என்று பழி. பாவம், மனிதர் தாளுக்குத் தாள் திருகிக்கொண்டே இருந்தார். ரெட் ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்; அதில் அத்தனை எழுத்தும் இருந்தது. திரையில் கறுப்பாகத் தெரிந்தது ஆர்ஜிபி கறுப்பு. பிரித்தபோது அது நான்கு தகட்டிலும் பரவிவிட்டது. அவ்வளவு சின்ன எழுத்தை நான்கு தகட்டில் அடித்தால் எந்த மெஷினிலும் மயிரிழை விலகத்தான் செய்யும். எழுத்தைக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று மாற்றி ஃபிலிம் எடுத்தோம், ஓரம் போய்விட்டது. அன்று அந்த மெஷின்மேனிடம் யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2003-ல் அடோபியின் இன்டிசைன் சிஎஸ் வந்தபோது, ஒவ்வொரு தகட்டையும் திரையிலேயே தனியாகப் பார்க்கும் வசதி கிடைத்தது. தமிழ் அச்சகங்கள் பலவற்றுக்கு அது உடனே பயன்படவில்லை. எங்கள் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன, பழைய வேலையெல்லாம் பேஜ்மேக்கரில் கிடந்தது. யுனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்கும் வசதி இன்டிசைனுக்கு 2012-ல் சிஎஸ்6-ல்தான் வந்தது. அதனால் 2001-ன் பேஜ்மேக்கர் 7.0 எங்களிடம் நெடுங்காலம் ஓடியது. செப்பரேஷனை லேசர் பிரின்டருக்கே அனுப்பி, ஒரு பக்கத்துக்கு நான்கு வெள்ளைத்தாள் எடுத்துத்தான் பிழை தேடினோம். செலவு சொற்பம், ஃபிலிம் காசு மிச்சம். இதை மிகச் சிறந்த பழக்கம் என்றே சொல்வேன்.

இப்போது ஃபிலிமும் இல்லை. கணினியிலிருந்து நேரே தகட்டுக்குப் போகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. எனவே பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து கறுப்பை மட்டும் அணைக்கிறேன். கறுப்பு எழுத்து மொத்தமும் திரையிலிருந்து மறைய வேண்டும். ஒரு வரி மங்கலாக நின்றாலும் அந்த பைலைத் தகட்டுக்கு அனுப்ப நான் சம்மதிப்பதில்லை.