வெள்ளீயம் இல்லாத டிங்கரிங்

மோட்டார் வண்டியின் மேல்தகட்டில் விழுந்த ஒடுக்கை எடுப்பதும், கதவு, பானட், மட்கார்டு, டிக்கி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்படி செய்வதும் தமிழ்நாட்டில் டிங்கரிங் எனப்படுகின்றன. செய்பவர் டிங்கர். துறைமுகத்துச் சரக்கு லாரிகள் ஓயாத வடசென்னையில், மூலக்கொத்தளம் தொடங்கித் திருவொற்றியூர் வரை, இச்சொல் பட்டறைப் பலகைகளில் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 'டிங்கரிங் - பெயிண்டிங்' என்று ஜோடியாகவே வரும். இதே வேலைக்கு வட இந்தியாவில் 'டென்டிங்' என்று பெயர். பிரிட்டனில் செய்பவர் 'பேனல் பீட்டர்'. சொல்லைப் பெற்ற ஆங்கிலமே கார்ப் பட்டறை ஆளை டிங்கர் என்று அழைப்பதில்லை.

ஆங்கிலத்தில் 'டிங்கர்' 13ஆம் நூற்றாண்டிலேயே தொழிற்பெயராகவும் குடிப்பெயராகவும் பதிவாகியிருக்கிறது. சுத்தியால் பாத்திரத்தைத் தட்டும் 'டிங்க்' ஓசையிலிருந்து பிறந்தது என்பர் சிலர். வெள்ளீயத்தைக் குறிக்கும் 'டின்' என்பதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இரண்டும் இன்றுவரை முடியாத வழக்கு. பொருளில் மட்டும் ஐயமில்லை: ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரத்தை அடைத்துக் கொடுப்பவர் டிங்கர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் டிங்கர்கள் வருகிறார்கள். ஜான் பனியன் (1628-1688) பரம்பரை டிங்கர். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயண நூலைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'த்தைப் பாடினார். தமிழ்க் காப்பியம் ஒன்றின் மூலநூல் ஒரு டிங்கரின் கையிலிருந்து வந்தது என்பதைப் பட்டறைக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

தாய்மொழியான ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு நல்ல கதி வாய்க்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு முதல் 'டிங்கர் செய்தல்' என்றால் தெரியாத வேலையில் கைவைத்து நோண்டுதல் என்றாகியது. அயர்லாந்தின் நாடோடி மக்களை இழிவாகக் குறிக்கவும் அது பயன்பட்டது. சென்னைப் பட்டறைகளில் இந்த வசை ஒட்டவில்லை. இங்கே டிங்கர் என்றால் கை தேர்ந்த ஆள்.

பழைய டிங்கருக்கு நேரான ஆள் தமிழகத்தில் முன்பே இருந்தார்: பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிறவர். ஈயம் என்று சொன்னாலும் பூசப்பட்டது வெள்ளீயமே, காரீயம் நஞ்சு. ஆனால் டிங்கர் என்ற பெயர் அவருக்குப் போகவில்லை. மோட்டார்த் தகடு தட்டுகிறவருக்குப் போனது. இதற்குத் 'தகரம்' என்ற சொல்லும் துணை நின்றிருக்கலாம். தகரம் முதலில் வெள்ளீயம். பிறகு வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பிறகு பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெல்லிய இரும்புத் தகடு எல்லாமே. கார்க் கதவு எஃகுத் தகடுதான், ஆனாலும் பேச்சில் அது தகரம். உலோகம் மாறியும் பெயர் நின்றுவிட்டது. மூலக்கொத்தளமும் அப்படிப்பட்ட பெயர்தான்: பழைய சென்னையின் கருப்பர் நகரத்து மதிலின் கொத்தளம் காவல் வேலையை விட்டுப் பல காலமாயிற்று, பேருந்துப் பலகையில் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

தொழில் சென்னையில் வேர் பிடித்தது வண்டி கட்டுமிடங்களில். 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டியது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். அந்தக் காலத்து உடல் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. தச்சரும் தகடு தட்டுகிறவரும் சேர்ந்து செய்ததால் 'பாடி கட்டுதல்' என்ற வழக்கு, வீடு கட்டுவதைப் போலவே. கரூரில் பேருந்துக்கு இன்றும் பாடி 'கட்டு'கிறார்கள். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி இறக்கியபோது, தகடு முழுக்க அச்சில் அழுத்தி எடுத்த துண்டுகளாக வந்தது. அதன்பின் டிங்கரின் வேலை தகட்டை உருவாக்குவது அல்ல, பொருத்துவதும் மீட்பதும்.

அந்தப் பொருத்தும் கலையைச் சோதிக்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டை விடக் கடினமான வண்டி சென்னையில் இல்லை. 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான கார் அது. 1953இல் உடல் செய்து தரும் ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போனதால், இந்தக் காரின் பிரிட்டிஷ் மூல நிறுவனமான ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் ஒரே கூடாக உடல் செய்ய வழியில்லாமல், தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் உடலை வடிவமைத்தது. முன்பாதி, பின்பாதி, கூரை, படிப்பட்டி எல்லாம் தனித்தனி. இரண்டு மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். ஒரு போல்ட் நகர்ந்தால் இன்னொரு இடத்தில் இடைவெளி பிளக்கும்.

ஆகவே சரிசெய்வது கீழிருந்து மேலே. சேசிஸ் கோணலாக இருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகட்டுப் பேக்கிங் கூட்டிக் குறைத்தால் கதவின் மேல்பக்க 'கேப்' மூடும், திறக்கும். பிறகு கீல், அங்கும் பேக்கிங்தான். கதவு உட்கார்ந்த பிறகே பானட்டை அதற்கு ஒத்துப்போக இழுக்க வேண்டும், கதவைப் பானட்டுக்காக இழுக்கக் கூடாது. இவை அத்தனையும் பெயிண்டுக்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்துக் கழற்றப்படும். மேடுபள்ளம் நிரப்பும் பட்டியும் பெயிண்டும் விளிம்பில் ஏறும்போது இடைவெளி சுருங்கும் என்பதால், நான்கைந்து மில்லிமீட்டர் வேண்டுமிடத்தில் கொஞ்சம் கூடவே விட வேண்டும்.

ஒடுக்கு எடுக்கச் சுத்தியும் டோலியும். டோலி என்பது உள்ளே கையில் பிடிக்கும் கனத்த இரும்புக் கட்டி. டோலிக்கு நேர் மேலே அடித்தால் தகடு மெலிந்து விரியும். சற்றுத் தள்ளி அடித்தால் பள்ளம் மேலே எழும். புதியவர்கள் நேர் மேலேயே அடிப்பார்கள், தகடு உப்பி 'டப் டப்' என்று துள்ளும். அதற்கு மருந்து, கேஸ் நெருப்பில் ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியால் குளிர்விப்பது. காய்ந்த இடம் சுருங்கி இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தை நிரப்புவதில்தான் பெயரும் பொருளும் ஒருமுறை சேர்ந்தன. பிளாஸ்டிக் பட்டி 1950களில் வருவதற்கு முன், தகட்டின் மேல் வெள்ளீயம் பூசி, அதன்மேல் ஏறக்குறைய 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கலந்த கட்டியை உருக்கி, மரக்கட்டையால் தடவிப் பரப்பி, அரத்தால் ராவுவார்கள். அமெரிக்காவில் பழைய கார்களை வெட்டித் தாழ்த்தி உருமாற்றியவர்கள் இதை அள்ளி அப்பியதால் அவ்வண்டிகளுக்குக் 'காரீயச் சறுக்குவண்டி' என்று பொருள்படும் பட்டப்பெயரே வந்தது. காரீயப் புகையும் தூளும் உடம்புக்கு ஆகாதவை. பட்டி மலிவு, வேகமும்கூட. வெள்ளீயம் பட்டறையை விட்டு வெளியேறியது, டிங்கர் பெயர் தங்கிவிட்டது.

2016இல் மத்திய அரசின் நிதி ஆயோக் பள்ளிகளில் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்களைத் தொடங்கியது. அங்கே மாணவர்கள் முப்பரிமாண அச்சுப்பொறியும் சென்சாரும் வைத்து எதையாவது செய்து பார்க்கிறார்கள்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் 'நோண்டுதல்' புகழ்ச்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. பட்டறைத் தெருப் பிள்ளைகளுக்கு அச்சொல் முன்பே வேறொரு பொருளில் தெரியும். நிறுவன சர்வீஸ் சென்டர்கள் 'பாடி ஷாப்' என்று பெயரை மாற்றிக்கொண்ட பிறகும், இந்தப் பிள்ளைகளின் தெருப் பலகைகளில் டிங்கரிங் கையால் எழுதிய எழுத்தில்தான் இருக்கிறது, பக்கத்தில் பெயிண்டிங்கோடு.