தவறிட்டார்

செஞ்சிக்கு வர்றவங்க எல்லாரும் ராஜகிரிக்குத்தான் போவாங்க. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர் பக்கம் இருக்கிற திருநாதர்குன்றுக்கு வர்ற ஆள் குறைவு. போன மாசம் அக்கா மகனோடு அங்கே ஏறினேன். பெரிய பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களையும் வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில் செதுக்கியிருப்பார்கள். நாங்கள் பார்க்கப் போனது அதை அல்ல, இன்னொரு பாறையில் இருக்கும் சின்னக் கல்வெட்டை.

5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலம். 'ஐ' என்ற உயிரெழுத்து வரும் பழைய சான்றுகளில் ஒன்று என்பதால் எழுத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது செல்லம். விஷயம் ரொம்பச் சுருக்கம்: 57 நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இது. அவ்வளவுதான். அனசனம் என்றால் உண்ணாநோன்பு, நிசீதிகை என்றால் இருக்கை. "சமண முனிவர் ஒருத்தர் சாப்பிடாம இருந்து உயிர விட்ட இடம்டா" என்று நான் விளக்கினேன்.

அவனுக்கு வயசு 16, ஆட்டிசம் உண்டு. நான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இவரு செத்துட்டாருன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படிக்கிறேன், எனக்கு இது தோணினதே இல்லை. நோன்பு, நாள் கணக்கு, இருக்கை, மூன்றும்தான் கல்லில் இருக்கிறது. சாவை நாம் போட்டுக்கொள்கிறோம். அன்றைய சமணர் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நமக்கு அந்த வழக்கத்தைப் புத்தகம் சொல்லிக் கொடுத்தது. அவனுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

ஒன்பது வருஷம் முன்னால் எங்க அப்பா இறந்தபோது இவனுக்கு ஏழு வயசு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "பெரியவர் தவறிட்டார்" என்றார்கள். இவன் ஒவ்வொருவரிடமும் போய் "தாத்தா என்ன தவறு பண்ணாரு?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள், ஒரு உறவினர் கை ஓங்கிவிட்டார். "தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு" என்று அக்கா சமாளித்தாள். எங்க வீட்டில் வெளியே கிளம்புகிற எல்லாரும் "போயிட்டு வரேன்"தான் சொல்வோம். அவன் மூணு மாசம் சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்திருந்தான். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கெல்லாம் பெயர் உண்டு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஒரு சமணர், மூன்றாம் குலோத்துங்கன் காலம், கங்க மன்னன் சீயகங்கன் கேட்டு எழுதினார் என்பார்கள். (தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இருக்கிறது.) சொன்னபடி பொருள் தருவது வெளிப்படை, அப்படித் தராதது குறிப்பு என்று பிரித்து, குறிப்பில் வருவதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். நாசூக்காகச் சொல்ல முடியாததை மறைத்து, கால் கழுவி வந்தேன் என்றால் இடக்கரடக்கல். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்றால் மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்பதும் மங்கலம்தான். பொற்கொல்லர் தங்கத்தைப் பறி என்பதும் யானைப்பாகர் துணியைக் காரை என்பதும் குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் சொல். எங்க ஆபீசில் நாள் முழுக்க நடப்பது இதுதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது விடை வகை எட்டு. பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக உருப்போட்டு மறந்திருப்பீர்கள். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரான பதில். மற்ற ஐந்தில் பதில் வேறு எங்கேயோ இருக்கும். 'கடைக்குப் போறியா?' என்று கேட்டால், 'நீயே போ' என்பது ஏவல், 'போகாம இருப்பேனா?' என்பது வினாதல், 'கால் வலிக்குது' என்பது உற்றது உரைத்தல், 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல், 'பால் பூத்துக்கு வேணா போறேன்' என்பது இனமொழி. சொன்னதுக்கும் உணர்த்தினதுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை மேற்கே பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் பேசினார், அதிலிருந்து ஒரு துறையே கிளம்பியது. நாம்தான் முதலில் என்று நெஞ்சு நிமிர்த்த இதைச் சொல்லவில்லை. குறிப்புமொழி 'தானா வந்துடும்' என்று பவணந்தி விட்டுவிடவில்லை, விதியாக எழுதினார். அதுதான் எனக்கு முக்கியம். போன வருஷம் இந்தப் பாடத்தைப் படித்தபோது எங்க பையன் கோபப்பட்டான். "இதெல்லாம் எழுதியே வெச்சிருக்காங்க, ஏன் எனக்கு முன்னாடியே குடுக்கல?"

விதி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பேச்சு ஓடுகிற வேகத்தில் எட்டில் எது என்று யோசிப்பதற்குள் எதிராளி அடுத்ததுக்குப் போய்விடுவார். எல்லா ஆட்டிசக்காரர்களும் இவனைப் போலவும் இல்லை, கிண்டலைக் கற்பூரமாய்ப் பிடிக்கிறவர்களும் உண்டு. உருவகம் புரிவதற்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பதைவிடச் சொல்வளம்தான் அதிகம் கணக்கு என்று கோர்ட்டனே நார்பரி 2005இல் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் காட்டினார்.

லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. அதில் டொனால்டு என்ற பையன் வருகிறான். 'யெஸ்' சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வேன் என்று அப்பா பழக்கினார். அதிலிருந்து அவனுக்கு 'யெஸ்' என்றால் 'தோளில் தூக்கு' என்றே அர்த்தம். மூணு வருஷம் கழித்து, 1946இல், கானர் இன்னொரு கட்டுரை எழுதினார். அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பால் என்ற பையன் வாணலி மாதிரி எதைப் பார்த்தாலும் 'பீட்டர் ஈட்டர்' என்பான். சம்பந்தமே இல்லாத உளறல் என்று தோன்றும். அவனுக்கு ரெண்டு வயசில் அம்மா அந்தக் குழந்தைப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்திருக்கிறது. மூலம் தெரிந்தால் அர்த்தம் இருக்கிறது என்று கானரே எழுதிவிட்டார். ஒரே ஒரு ஆளின் குழூஉக்குறி.

எங்க பையனுக்குப் பயம் வந்தால் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்பான். வீட்டில் இருக்கும்போதும்கூட. சின்ன வயசில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் அரைமணி நேரம் காணாமல் போனான், கண்டக்டர் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் அவனுக்குத்தான் மறைபொருள் புரியாது என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று போடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்படி ஞாபகம் வரும்.

புரியாமை ரெண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012இல் எழுதினார், அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழு அதைச் சோதித்தது. எட்டுப் பேர் வரிசை, ஒருவர் கதை சொல்ல அடுத்தவர் கேட்டு அதற்கடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ஆட்டிசக்காரர்கள் மட்டும் இருந்த வரிசையில், மற்றவர்கள் வரிசையில் போலவே கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது. கலந்து நிறுத்தினால்தான் அதிகம் சிதைந்தது. அது 72 பேரை வைத்துச் செய்தது. 2025இல் அதே குழு 311 பேரோடு திரும்பச் செய்தபோது கலப்பு வரிசையிலும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் முடிவு எனக்குப் பிடித்திருந்தது, உண்மையைச் சொல்லணுமே என்று ரெண்டாவதையும் எழுதுகிறேன். ரெண்டிலுமே ஆட்டிசக்காரர்கள் தங்களுக்குள் கதை கடத்துவதில் குறைந்துபோகவில்லை.

குன்றில் பக்கத்திலேயே இளைய பட்டாரர் என்பவரின் நிசீதிகையும் உண்டு, அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. இவர் நோற்றது 30 நாள். அதிலும் சாவு என்ற சொல் இல்லை. அவன் 57லிருந்து 30ஐக் கழித்துவிட்டு, "தாத்தாவுக்கு மட்டும் ஏன் தவறிட்டாருன்னு சொன்னாங்க? நோம்பு இருந்தாருன்னா சொல்லக் கூடாதா?" என்றான். தாத்தா நோன்பு இருக்கவில்லை, சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்று அந்தச் சொல்லையே போட்டு, முதல் தடவையாக அவனிடம் சொன்னேன். "சரி" என்றான்.

அப்போது அக்கா போன் பண்ணினாள், ஸ்பீக்கரில் போட்டான். "மானம் கருக்கலா இருக்குதே."

"அம்மா, மானத்தப் பத்திச் சொல்றியா, எங்கள எறங்கி வரச் சொல்றியா?"

"எறங்கி வாங்கடா."

இறங்கினோம்.