கொட்டாரமும் குப்பாயமும்

நாகர்கோவிலிலிருந்து குமரிமுனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடலோசை காதில் விழுமுன் எதிர்ப்படும் சிற்றூர் கொட்டாரம். அந்தச் சொல்லுக்கு இரு பொருள். தமிழில் நெற்களஞ்சியம், மலையாளத்தில் அரண்மனை. நெல் குவிந்த இடமும் கொட்டாரம், அரசன் கொலுவிருந்த இடமும் கொட்டாரம்! ஒரு நாட்டின் வரலாற்றை ஒரே சொல்லில் அடக்க முடியுமானால், நாஞ்சில் நாட்டின் வரலாற்றை இந்தச் சொல்லில் அடக்கிவிடலாம். நெல்லை விளைவித்தவன் எவன்? களஞ்சியத்தின் திறவுகோலை வைத்திருந்தவன் எவன்? அரண்மனை யாருடைய வியர்வையில் எழுந்தது? கேட்கவேண்டிய கேள்விகள் இவை. கோயிற் புராணங்கள் கேட்க மறந்த கேள்விகளும் இவையே.

மேற்குமலைத் தொடர் தெற்கு நோக்கி இறங்கி வந்து, கடலருகே மருந்துவாழ் மலையோடு ஓய்வு கொள்கிறது. அந்த மலைகளின் மடியில், பழையாறு பாயும் பள்ளத்தாக்கே நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் என்ற இரு வட்டங்கள். வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். மலையரணில் இயற்கை திறந்து வைத்த வாசல் அது. திருநெல்வேலிச் சீமையின் வண்டிகள் அவ்வழியே வந்தன. படைகளும் அவ்வழியே வந்தன. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்கக் கும்பினிப் படை நுழைந்ததும் அவ்வழியேதான். உள்ளே இறங்கினால் கோட்டாறு. கிரேக்க நிலநூலாசிரியன் தாலமி குறித்துள்ள ‘கொட்டியாரா’ இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்துணைப் பழமையான வணிக நகரம்!

வயலில் நெல், தேரியில் பனை, கரையில் மீன், உப்பளத்தில் உப்பு. மலை தந்ததையும் கடல் தந்ததையும் ஒரே சந்தையில் குவிக்கக்கூடிய நாடு அது. ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இத்தனை வளம் வேறெங்கே உண்டு என்று வியக்கலாம். வியந்துவிட்டு அந்தச் சந்தைக்குள் நுழைந்து பார்ப்போம்.

சந்தை என்றால் என்ன? விற்பவனும் வாங்குபவனும் சமமாக நின்று விலை பேசும் இடம். காசுக்குக் குலமில்லை, படிக்கல்லுக்குப் பிறப்பில்லை என்பது வணிகத்தின் இலக்கணம். ஆனால், திருவிதாங்கூர் மன்னராட்சியின் சந்தையில் அந்த இலக்கணம் செல்லவில்லை. அங்கே சரக்கை நிறுப்பதற்கு முன் சாதியை நிறுத்தார்கள்.

பனையேறும் நாடாரை எடுத்துக்கொள்வோம். அன்றைய ஆவணங்கள் ‘சாணார்’ என்று குறித்த மக்கள். பருவகாலத்தில் ஒருவர் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரங்கள் வரை, ஒவ்வொன்றையும் இருமுறை ஏறி இறங்கினார். நெஞ்சில் காய்ப்பு, காலில் தழும்பு. இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். அந்தக் கருப்பட்டி சந்தைக்கு வருமுன் எத்தனை கைகள் நீண்டன! தலைக்கு ஒரு வரி. ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம். காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். கூலியில்லாமல் அரசுக்கு உழைக்கும் ஊழியம் வேறு. உழைப்பவனின் கருவிக்கு வரி. உண்டு களித்து உறங்குபவனின் ஊட்டுப்புரைக்கு மானியம்! இதற்குப் பெயர் தர்மராஜ்யம்!

வரியோடு நின்றதா? நாடார் ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பொன்னணி பூணக்கூடாது, மாடி வீடு கட்டக்கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடாது, மார்பை மறைக்கக்கூடாது. நம்பூதிரியிடமிருந்து முப்பத்தாறு அடி, நாயரிடமிருந்து பன்னிரண்டு அடி விலகி நிற்கவேண்டும். பன்னிரண்டு அடி தள்ளி நின்று எப்படி விலை பேசுவது? எப்படி எடை பார்ப்பது? எடை குறைந்தால் எப்படித் தட்டிக் கேட்பது? தீண்டாமை என்பது கோயில் வாசலில் மட்டும் நின்ற கொடுமையன்று. தராசுத் தட்டிலும் அது ஏறி உட்கார்ந்திருந்தது. ஏழையின் வறுமைக்கு விதி காரணம் என்றனர் புராணிகர். விதியன்று, விதிகள் காரணம்!

அவர்களுக்கும் கீழே இருந்தவர் நிலையோ இன்னும் கொடிது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்ந்த உடைமைகளாக எண்ணப்பட்டனர். அவர்கள் சந்தைக்கு வந்து விற்பவர்களல்லர், சந்தையில் விற்கப்பட்டவர்கள். 1812இல் ராணி லட்சுமிபாயின் ஆட்சி அடிமை விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் நிலத்தோடு பிணைந்த அடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. விலங்கை உடைப்பதாகச் சொல்லி, அதற்கு மெருகேற்றிய கதை! அடிமைமுறையை முற்றிலும் ஒழிக்கும் பிரகடனம் வர 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இருட்டில் முதல் வெளிச்சம் கொட்டாரத்துக்கு அருகிலுள்ள மயிலாடியில் தோன்றியது. அவ்வூரைச் சேர்ந்த, பறையர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கம் என்பவர் தஞ்சைவரை சென்று கிறித்தவத்தைத் தழுவித் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்தார். 1809இல் மயிலாடியில் கோயிலும் பள்ளியும் எழுந்தன. பின்னர் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்கு எழுத்தோடு சரிகைப் பின்னல் தொழிலையும் கற்பித்தார். அந்தப் பின்னலை விற்று வந்த கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். எண்ணிப் பாருங்கள்! வேதம் தராத விடுதலையை, வேந்தன் தராத விடுதலையை, ஊசியும் நூலும் தந்தன. கையில் தொழிலும் காசும் வந்த பெண், தன்னையே மீட்டுக்கொண்டாள்.

மீட்டுக்கொண்டவள் மார்பை மறைத்தாள். அங்கேதான் மூண்டது போர். 1814இல் திவான் மன்றோவின் ஆணை, கிறித்தவரான பெண்கள் குப்பாயம் எனும் மேற்சட்டை அணிய இசைவளித்தது. மானத்தை மறைக்க மதம் மாறவேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு தெய்வத்தைக் கும்பிட்டால் சட்டை உண்டு. மற்றொரு தெய்வத்தைக் கும்பிட்டால் இல்லை. துணிக்கும் தெய்வத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அன்று எவருமில்லை. 1820களில் கலவரங்கள் வெடித்தன. 1829 பிப்ரவரியில் வந்த அரச கட்டளை, கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்து, உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை போடுவதை நாடார் பெண்களுக்கு மறுத்தது.

இந்தக் காலத்தில்தான் சாமித்தோப்பில் வைகுண்டர் எழுந்தார். 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர். தம்மைத் திருமாலின் அவதாரம் என்றார். பகுத்தறிவாளராகிய நாம் அவதாரத்தை ஏற்பவரல்லர். ஆனால், அந்த அவதாரம் செய்த காரியங்களை அலட்சியப்படுத்துபவரும் அல்லர். தலையில் துணி கட்டலாகாது என்றிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வரச் சொன்னார். சிலையிருந்த இடத்தில் கண்ணாடியை வைத்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாக் குலத்தாரும் ஒன்றாக நீராடவும் நீர் பருகவும் வைத்தார். அரசுக்கு இது பொறுக்குமா? சுவாதித் திருநாள் ஆட்சியில் அவர் சிறையிலிடப்பட்டு, 1839இல் விடுதலையானார். சங்கீத மேதை என்று போற்றப்படும் மன்னரின் செவியில், தலைப்பாகை கட்டிய ஏழையின் குரல் மட்டும் அபசுரமாய் ஒலித்தது போலும்! தெய்வப் பெயரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அந்தக் கிணறும் கண்ணாடியும் தன்மான இயக்கத்தின் முன்னோடிகள் என்பது விளங்கும்.

1858இல் போர் மீண்டும் மூண்டது. எங்கே? பெரும்பாலும் சந்தைகளில்! காரணம் எளிது. வீட்டுக்குள் பெண் எதை உடுத்தாலும் ஆதிக்கக்காரன் கண்ணில் படாது. விலை பேச அவள் வெளியே வரும்போதுதான் அவன் கண் சிவக்கும். கருப்பட்டிப் பெட்டியோடு வந்த பெண்களின் மேலாடை, கூட்டத்தின் நடுவே கிழித்தெறியப்பட்டது. 1859 சனவரியில் கோட்டாற்றிலேயே ஆயுதமேந்திய கூட்டம் நாடார் குடியிருப்பைத் தாக்கிக் கொள்ளையிட்டது. சென்னை ஆளுநர் திரெவெலியன் திருவிதாங்கூர் அரசைக் கடிந்துகொண்டார். 1859 சூலை 26இல் அரச பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியால் போர்த்திக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது! தோற்ற பின்னும் ஆதிக்கம் துணியின் மடிப்பில் தன் கௌரவத்தைத் தேடியது. ஆயினும் கதவு திறந்துவிட்டது. அதைத் திறந்தவர் மன்னரல்லர், திவானல்லர். அடிபட்ட பின்னும் மறுவாரம் அதே சந்தைக்கு வந்த பெண்கள்.

அதன் பின்னரே வணிகத்தின் கட்டுகளும் ஒவ்வொன்றாய் அறுந்தன. மிளகின் மீதிருந்த அரசின் தனியுரிமை 1860இல் போயிற்று. 1865இல் பண்டாரப்பாட்டப் பிரகடனம், அரசு நிலத்தை உழுதவனுக்கு முழு உரிமை வழங்கியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் செய்த வணிக உடன்படிக்கை, எல்லைச் சுங்கங்களைப் பெரும்பாலும் நீக்கியது. ஆரல்வாய்மொழி வழி வண்டிப் போக்குவரத்துக்குத் தடை குறைந்தது. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்து, கோதையாற்று நீர் நாஞ்சில் வயல்களை நனைத்தது. மனிதனுக்கு மதிப்பு வந்த பிறகே மண்ணுக்கும் மதிப்பு வந்தது.

நிலமுடைய வேளாளர் வீட்டிலும் வழக்கம் என்ற விலங்கு இருந்தது. அங்கே மருமக்கள்வழி. தந்தை தேடிய பொருள் மகனுக்கில்லை, சகோதரி மகனுக்கு. உழைத்துச் சேர்த்தவன் கண்மூடினால், மனைவியும் மக்களும் தெருவில்! தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடி அந்த வழக்கத்தை நகைப்புக்கிடமாக்கினார். 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. ‘முன்னோர் வழக்கம்’ என்பதற்காக மூடத்தனத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பதை நிலக்கிழார் வீட்டுப் பெண்ணும் அன்று கண்டாள்.

அதே 1926இல் சுசீந்திரத்தில் இன்னொரு போர் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போர். 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்று மூட்டிய தீயின் பொறி, இரண்டாண்டில் பழையாற்றங்கரையில் விழுந்தது. கோட்டாற்று மருத்துவர் எம்பெருமாள் நாயுடு தலைமை தாங்கினார்; மலையடியில் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தமும் களத்தில் நின்றார். நடக்கத் தெரு கேட்டவர்களுக்குத் தடியடி! 1936 நவம்பர் 12இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளையும் அகத்தீசுவரமும், கல்குளம், விளவங்கோட்டோடு சேர்ந்து தாய்த்தமிழகத்தில் இணைந்தன.

தோழர்களே, இந்த வரலாற்றைப் பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. பணம் வந்தால் சாதி போய்விடும் என்று சொல்வோர் உண்டு. வாணிபம் வளர்ந்தால் வருணம் வாடிவிடும் என்று நம்புவோர் உண்டு. நாஞ்சில் நாட்டுச் சந்தை அதை மறுக்கிறது. கருப்பட்டி விற்ற பெண் கையில் காசு இருந்தது. ஆனால் அவள் தோளில் துணி இருக்க ஒரு தலைமுறைப் போராட்டம் தேவைப்பட்டது. பொருளுரிமை தன்மானத்துக்குத் துணை நிற்கும். அதற்கு ஈடாகாது.

இரண்டாவது பாடம் இதனினும் கசப்பானது. நேற்றுப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றவரின் பேரன் இன்று பெருங்கடை நடத்துகிறான். மகிழ்ச்சி! அவன் கடைப் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் எதற்கு? அவன் மகள் தனக்குக் கீழென்று அவன் எண்ணும் குலத்து இளைஞனை விரும்பினால், அவன் கையில் அரிவாள் எதற்கு? சுடுகாட்டில் தனி மூலை எதற்கு? தோள்சீலைக்காகத் துடித்தவரின் வழித்தோன்றல், வேதமாணிக்கத்தின் வழித்தோன்றலைப் பார்த்து முகம் சுளித்தால், 1859இல் சந்தையில் கிழிந்த சீலை இன்னும் தைக்கப்படவில்லை என்றே பொருள்.

கொட்டாரம் என்ற சொல்லுக்கு அரண்மனை என்ற பொருள் இன்று பழங்கதை. மன்னர் போனார், திவான் போனார், ஊழியம் போயிற்று. எஞ்சியிருப்பது களஞ்சியம் என்ற பொருள். அந்தக் களஞ்சியம் எல்லோர்க்கும் பொதுவாக வேண்டும். முத்திரிக்கிணற்றில் ஒரே நீரைப் பருகிய மக்களின் மரபினர், ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் முன்வரும் நாளே, மருந்துவாழ் மலையடிவாரத்தில் உண்மையான சந்தை கூடும் நாள். அந்த நாளை நாள்காட்டி தராது. இளைஞர்கள்தாம் தரவேண்டும்.