பிஸ்ஸு

இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் வாழும் பூகிஸ் மக்களின் தொல்சமயப் பூசகர்கள் பிஸ்ஸு எனப்படுவர். தெய்வம் ஏறி அருள்வாக்கு சொல்வது, அரச குலத்தின் பிறப்பு, மணம், முடிசூட்டு, இறப்புச் சடங்குகளை நடத்துவது, நாட்டின் புனிதப் பொருள்களைக் காப்பது, விதைப்புக்கு முன் வயல்வேலையைத் தொடங்கிவைப்பது ஆகியவை அவர்களின் பணிகள். பூகிஸ் மக்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக முஸ்லிம்கள். இன்றைய பிஸ்ஸுக்களும் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்கிறார்கள், ஹஜ் சென்று வந்தவர்களும் அவர்களில் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பழக்கமான பூகிஸ் என்ற இடப்பெயர் இந்த மக்களுடையதுதான். 1950களிலிருந்து 1980கள் வரை அங்குள்ள பூகிஸ் தெரு திருநங்கைகளால் பெயர்பெற்றதற்கும் பிஸ்ஸு மரபுக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று ஏதுமில்லை.

பூகிஸ் சமூகம் ஐந்து பாலினங்களை ஏற்றது என்று இன்றைய நூல்கள் பலவும் கூறும். ஒரோவானே ஆண், மக்குன்ராய் பெண். ஆணாகப் பிறந்து பெண்ணின் வாழ்க்கையை மேற்கொள்பவர் சலபாய். பெண்ணாகப் பிறந்து ஆணின் வாழ்க்கையை மேற்கொள்பவர் சலலாய். இந்த நால்வகையையும் தம்முள் அடக்கியவராகக் கருதப்படுபவர் பிஸ்ஸு. ஷாரின் கிரஹாம் டேவிஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த ஐவகைப் பகுப்பை உலகறியச் செய்தது. ஐந்தாவதைப் பாலினம் என்பதா, பதவி என்பதா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. சலபாய்களாக வாழ்ந்தவர்களே பெரும்பாலும் பிஸ்ஸு ஆனார்கள். ஆனால் எல்லாச் சலபாய்களும் பிஸ்ஸு ஆவதில்லை. திருமண வீட்டு வேலைகளை முன்நின்று நடத்துவதே அவர்களில் பலரின் தொழில். பழங்காலத்தில் பெண் பிஸ்ஸுக்களும் இருந்திருக்கிறார்கள். ஆகவே திருநங்கை என்ற சொல்லை இங்கே அப்படியே பொருத்துவது பாதிதான் சரியாகும்.

பூகிஸ் பேரிலக்கியமான லா கலிகோவின்படி, மேலுலகிலிருந்து முதல் அரசன் படாரா குரு மண்ணுக்கு இறங்கியபோது பிஸ்ஸுக்களும் உடன் இறங்கினர். படாரா குரு என்ற பெயரில் வடமொழித் தடம் வெளிப்படை. காப்பியத்தின் நாயகன் சவேரிகடிங்கின் இரட்டைச் சகோதரி வே தென்றியாபெங் ஒரு பிஸ்ஸு. வாய்மொழியாக வளர்ந்த இந்தக் காப்பியம் எந்த நூற்றாண்டில் உருப்பெற்றது என்பது விவாதத்துக்கு உரியது. அதனால் பிஸ்ஸு மரபின் வயதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

நாள் குறிப்பிடத்தக்க முதல் சான்று 1544ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு சூப்பா, சியாங் என்னும் துறைகளுக்கு வந்த போர்ச்சுக்கீசிய வணிகர் அன்டோனியோ டி பைவா, பின்னர் இந்தியாவிலுள்ள கோவாவின் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாடி வளர்க்காமல் பெண்களைப்போல உடுத்தி நடந்த அரசவைப் பூசகர்களை அதில் அருவருப்போடு விவரிக்கிறார். அந்த அருவருப்பைத் தள்ளிவிட்டுப் படித்தால், மன்னர்கள் அவர்களிடம் காட்டிய மதிப்பும் அதே கடிதத்தில் தெரியும்.

பூகிஸ் அரசான லூவுவும் மக்காசர் அரசான கோவாவும் 1605இலும், மற்றொரு பூகிஸ் அரசான போனே 1611இலும் இஸ்லாமைத் தழுவின. அடுத்த இரு நூற்றாண்டுகளில் பிஸ்ஸுக்கள் அரண்மனைகளில் தொடர்ந்து பணியாற்றினர் என்பதற்கு மேல் விரிவான செய்தி குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்ததும் ஆவணங்கள் பெருகுகின்றன. பிற்காலத்தில் சரவாக்கின் அரசரான ஜேம்ஸ் புரூக், 1840இல் பூகிஸ் நாடான வாஜோவில் தங்கியிருந்தார். ஆண்கள் சிலர் பெண்களாகவும் பெண்கள் சிலர் ஆண்களாகவும் உடுத்துவதை அவர் தம் நாட்குறிப்பில் வியப்போடு பதிந்தார். விழாநாள் வேடமாக அல்லாமல் வாழ்நாள் முழுதும் அவர்கள் அப்படியே வாழ்ந்ததுதான் அவரை வியக்கவைத்தது.

1848இல் மக்காசருக்கு வந்த பெஞ்சமின் பிரெடரிக் மாத்தெஸ் இந்த வரலாற்றை ஆவணப்படுத்தியவர்களில் முதன்மையானவர். நெதர்லாந்து விவிலியச் சங்கத்துக்காக விவிலியத்தைப் பூகிஸ் மொழியில் பெயர்க்க வந்தவர் அவர். மொழியைக் கற்கச் சுவடிகளைத் தேடியவர், சுவடிகளின் வழியே பிஸ்ஸுக்களிடம் வந்து சேர்ந்தார். 1872இல் டச்சு மொழியில் அவர்களைப் பற்றி ஒரு தனி ஆய்வை வெளியிட்டார். அதன் தலைப்பு அவர்களைப் புறச்சமயத்தார் என்றே குறிக்கிறது. அதே தலைப்பு பூசகர், பூசகியர் இருபாலரையும் சேர்த்துச் சொல்வது, பெண் பிஸ்ஸுக்கள் அன்றும் இருந்ததற்கு நல்ல சான்று. ஒரு மதப்பணியாளர் புறச்சமயம் என்று தாம் கருதிய மரபை இவ்வளவு பொறுமையாக எழுதிவைத்தது அரிய நிகழ்ச்சி. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மாத்தெஸுக்கு உதவியவர்களில் தானேத்தே அரச குலத்தைச் சேர்ந்த சோலிக் பூஜியே என்ற அறிவார்ந்த பெண்மணியை மறக்கக் கூடாது. அவர் பிஸ்ஸு அல்லர். ஆனால் லா கலிகோவைப் பன்னிரண்டு தொகுதிகளாக அவர் படியெடுத்துத் தந்திராவிட்டால், பிஸ்ஸுக்களின் தொன்மக் கதை இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைத்திராது. முழுக் கதையில் மூன்றில் ஒரு பங்கே என்று மதிப்பிடப்படும் அந்தப் படி இப்போது லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் லா கலிகோ சேர்க்கப்பட்டது.

பிஸ்ஸுவின் அதிகாரம் அரஜாங்கிலிருந்து பிறந்தது. அரஜாங் என்பது ஒரு நாட்டின் உயிராகக் கருதப்பட்ட புனிதப் பொருள்: ஓரிடத்தில் வாள், மற்றோரிடத்தில் கொடி. அதைக் கையில் வைத்திருப்பவரே அரசர். அதைக் காப்பவர், நீராட்டுபவர், அதனோடு பேசுபவர் பிஸ்ஸு. போனேயில் நாற்பது பிஸ்ஸுக்கள் கொண்ட குழு இருந்தது என்பது மரபு. தலைவருக்குப் புவாங் மத்தோவா என்று பெயர். புதிதாகச் சேர்பவரை வெள்ளைத் துணி போர்த்தி இறந்தவரைப்போலக் கிடத்துவார்கள். நோன்பு முடித்து எழுபவர் பிஸ்ஸுவாக எழுவார். தேவர்களோடு பேச அவர்களுக்கென்று தனி மொழி உண்டு. அதன் பாடல்களை ஜில்பெர் ஹமோனிக் 1987இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். தலையில் பூவும் இடையில் குத்துவாளும் ஒருசேர அணிவது பிஸ்ஸுவின் அடையாளம்: ஒன்று பெண்ணுக்குரியது, மற்றது ஆணுக்குரியது.

செகேரி என்னும் ஊரில் அரஜாங் ஒரு மரக் கலப்பை. வாளும் கொடியும் நாட்டின் உயிராக இருந்த நிலத்தில் ஓர் ஊர் உழுபடையை உயிராகக் கொண்டது தனித்துச் சொல்லத் தக்கது. துணியில் பொதிந்து தனி வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் அந்தக் கலப்பையை, மழைக்காலத் தொடக்கமான நவம்பரை ஒட்டி, பிஸ்ஸுக்கள் பாடி உறக்கத்திலிருந்து எழுப்புவார்கள். பிறகு அது ஊர்வலமாகச் செல்லும். ஊரார் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைப்பார்கள். மப்பலிலி என்ற இந்தச் சடங்கு முடிந்த பிறகே ஊரில் ஏர் பூட்டுவது வழக்கம். முரசு வேகம் எடுக்கும்போது பிஸ்ஸுக்கள் குத்துவாளைத் தொண்டையிலும் உள்ளங்கையிலும் வைத்து அழுத்தி ஆடுவார்கள். வாள் உடலில் இறங்காவிட்டால் தெய்வம் இறங்கிவிட்டது என்று பொருள்.

1905இல் டச்சுப் படை போனேயை வென்று அதன் அரஜாங்குகளைக் கைப்பற்றியது. 1931இல் அரச பதவி மீட்கப்பட்டபோது அவை திரும்பி வந்தன. விடுதலைக்குப் பின் மன்னராட்சிகள் கலைந்தன. பிஸ்ஸுக்களைத் தாங்கிய அரண்மனையும் மானிய நிலமும் அத்தோடு போயின.

இதைவிடப் பெரிய இடி 1950களில் விழுந்தது. இஸ்லாமிய அரசு அமைக்கப் போராடிய கஹார் முசாக்கரின் கிளர்ச்சிப் படை பிஸ்ஸுக்களை வேட்டையாடியது. சடங்குப் பொருள்கள் எரிக்கப்பட்டன. பிடிபட்டவர்களின் தலையை மழித்து, ஆண்களாக வாழுமாறு கட்டாயப்படுத்தினார்கள், கொல்லப்பட்டவர்களும் உண்டு. கஹார் 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் துன்பம் ஓயவில்லை. பாவமன்னிப்பு என்று பொருள்படும் பெயரில் நடந்த நடவடிக்கைகளில் பிஸ்ஸுக்கள் மீண்டும் ஒடுக்கப்பட்டனர். மாண்டவர் தொகை குறித்து நம்பத்தக்க கணக்கு கிடையாது. தங்களுக்கு அடைக்கலம் தந்து, கலப்பையையும் வாளையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஊராரைப் பற்றி எஞ்சிய பிஸ்ஸுக்கள் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

1998இல் சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்து மாவட்டங்களுக்கு அதிகாரம் கிடைத்தபின், உள்ளூர் மரபுகளுக்குப் புது மதிப்பு வந்தது. 2004இல் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் வில்சன் லா கலிகோவை நாடகமாக்கிச் சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் அரங்கேற்றினார். செகேரியின் புவாங் மத்தோவா சைடி அதில் மேடையேறினார். பின்னர் ஐரோப்பாவிலும் நியூயார்க்கிலும் அந்த நாடகம் நிகழ்ந்தது. சைடி 2011இல் மறைந்தார். இப்போது பிஸ்ஸுக்கள் மிகச் சிலரே. அரசு விழாக்களிலும் சுற்றுலா நிகழ்ச்சிகளிலும் அவர்கள் அழைக்கப்படுகிறார்கள், சமய அமைப்புகளின் எதிர்ப்பும் அவ்வப்போது எழுகிறது.

அழைப்புக்கு ஆடும் மேடை நடனத்தை மரபின் மறுமலர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. மந்திரங்களின் சொற்கள் நூல்களில் ஓரளவு ஏறிவிட்டன. அவற்றைப் பாடும் முறையும் கலப்பையை எழுப்பும் ஒழுங்கும் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் இசைவோடு, பூகிஸ் மொழியிலேயே அவற்றைப் பதிவு செய்வது இந்தோனேசியப் பல்கலைக்கழகங்கள் தள்ளிப்போடக் கூடாத பணி.